வலி மாத்திரை: ஏறிய படிகளில் மெல்ல இறங்குவோம்

வீட்டில் மருந்து வைக்கும் பெட்டியை ஒரு தடவை திறந்து பாருங்கள். அது பழைய பிஸ்கட் டின்னாகவும் இருக்கலாம், அலுமாரித் தட்டில் உள்ள பிளாஸ்டிக் பெட்டியாகவும் இருக்கலாம். வாப்பாவின் பிரஷர் குளிசை, மாமியின் சீனி வருத்தத்துக்கான குளிசை, பிள்ளைகளின் காய்ச்சல் பாணி. இவற்றுக்கிடையே இன்னொரு அட்டையும் இருக்கக்கூடும். முதுகில் டிஸ்க் விலகியபோதோ, முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பின்னரோ, ஒரு வாகன விபத்தின் பின்னரோ மூன்று கிழமைக்கு என்று எழுதிக் கொடுக்கப்பட்ட வலி மாத்திரை அது. மூன்று கிழமை மூன்று வருடமாகி விட்டது. மாத்திரை மட்டும் நிற்கவில்லை.

அந்த மாத்திரையைப் பற்றி வீட்டில் இரண்டு விதமான பேச்சு எழுவதுண்டு. "அது இல்லாட்டி எனக்கு எழும்பவே ஏலாது" என்பது பாவிப்பவரின் பேச்சு. "இன்றோட இதை நிப்பாட்டுங்க" என்பது மற்றவர்களின் பேச்சு. இரண்டிலும் ஆபத்து உண்டு. முதலாவதன் ஆபத்தைப் பலரும் அறிவர். இரண்டாவதன் ஆபத்தை அறிந்தோர் குறைவு. நீண்ட காலம் பாவித்த இவ்வகை மாத்திரையைத் திடீரென நிறுத்துவது உயிராபத்தில்கூட முடியலாம். அதனை எவ்வளவு மெதுவாக, யாருடைய துணையுடன் குறைப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எந்த மாத்திரை?

எல்லா வலி மாத்திரைகளும் ஒன்றல்ல. பெனடோல் என்று நாம் அழைக்கும் பெரசிட்டமோலும், இபுபுரொஃபென், டைக்ளோஃபெனக் போன்றவையும் வேறு இனம். நாம் இங்கே பேசுவது அபின் இனத்து வலி நிவாரணிகளைப் பற்றி. கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறும்போது வடியும் பாலே அபின். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனிய மருந்தாளரான ஃபிரெட்ரிக் சேர்ட்டர்னர் அதிலிருந்து மோர்பினைப் பிரித்தெடுத்தார். கொடீனும் அதே செடியில் உள்ளதுதான். ஒக்ஸிகொடோன் அச்செடியிலுள்ள இன்னொரு பொருளிலிருந்து ஆக்கப்படுவது. ட்ரமடோலும் ஃபென்டனிலும் முழுக்க ஆய்வுகூடத்தில் பிறந்தவை.

சில குளிசைகளில் பெரசிட்டமோலுடன் கொடீனோ ட்ரமடோலோ கலந்திருக்கும். அட்டையில் கம்பனி வைத்த பெயர் பெரிதாகவும், மருந்தின் உண்மைப் பெயர் அதன் கீழே சிறிய எழுத்திலும் இருக்கும். அந்தச் சிறிய எழுத்தைத்தான் வாசிக்க வேண்டும். விளங்காவிட்டால் அட்டையை எடுத்துச் சென்று பாமசியில் கேளுங்கள்.

இம்மருந்துகளைப் பழிப்பது நமது நோக்கமல்ல. உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் மோர்பின் இருக்கிறது. புற்றுநோயின் கடும் வேதனையிலும், பெரிய சத்திரசிகிச்சையின் பின்னரும் இவை பேருதவி செய்கின்றன. புற்றுநோயாளி ஒருவர் இதனை எடுத்து வருகிறார் என்றால் இக்கட்டுரையைக் காட்டி அவரது மருந்தைக் குறைக்க முயல வேண்டாம். வருடக்கணக்கில் இழுபடும் முதுகு வலிக்கும் மூட்டு வலிக்கும் இவற்றைப் பாவித்து வருபவர்களைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

உடலுக்குள் நடப்பது

ஒரு கதவை இந்தப் பக்கமிருந்து ஒருவர் தள்ளுகிறார் என்று வைத்துக் கொள்வோம். கதவு திறந்துவிடாதிருக்க அந்தப் பக்கமிருந்து இன்னொருவர் அதே பலத்துடன் தள்ளுகிறார். கதவு அசையாமல் நிற்கிறது. இந்தப் பக்கத்து ஆள் திடீரென விலகிவிட்டால் என்ன நடக்கும்? அடுத்தவர் கதவோடு சேர்ந்து உள்ளே வந்து விழுவார்.

உடலிலும் இதுதான் நடக்கிறது. மாத்திரை மூளையையும் நரம்பையும் அமைதிப்படுத்துகிறது. நாளடைவில் உடல் அதற்கு எதிராகத் தள்ளத் தொடங்குகிறது. ஆகவே முன்பு ஒரு குளிசை தந்த சுகத்தைப் பெற இரண்டு தேவைப்படுகிறது. மாத்திரையைச் சட்டென நிறுத்தினால், எதிர்த்துத் தள்ளிக் கொண்டிருந்த சக்தி தடையின்றிப் பாய்கிறது. கொட்டாவி, கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிதல், வியர்வை, மயிர்க்கூச்செறிதல், வயிற்று முறுக்கு, வயிற்றோட்டம், கை கால் ஓரிடத்தில் இருக்க மாட்டாத பதற்றம், தூக்கமின்மை எல்லாம் ஒருமித்து வருகின்றன. பழைய வலியும் இரட்டிப்பாகத் திரும்புகிறது. ட்ரமடோல் மனநிலையோடு தொடர்புடைய வேறு இரசாயனங்களிலும் கை வைப்பதால், அதனை நிறுத்தும்போது சிலருக்குக் கடும் பயமும் உடலில் விறுவிறுப்பும்கூட உண்டாகும்.

சாதாரண குளிசையாயின் இந்த அவஸ்தை கடைசி வேளையிலிருந்து அரை நாள், ஒரு நாளில் தொடங்கும். இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்தை அடையும். ஒரு கிழமை அளவில் பெரும்பாலும் தணியும். தூக்கக் குறைவும் மனச்சோர்வும் கிழமைக் கணக்கில் நீடிக்கலாம். இதை அனுபவிப்பவர், "பாத்தீங்களா, குளிசை இல்லாட்டி எனக்கு வருத்தம் கூடுது" என்று முடிவு கட்டி விடுகிறார். வருத்தம் கூடியதா, மருந்து விலகியதால் உடல் தவிக்கிறதா என்று பிரித்தறிவது அவருக்குக் கஷ்டம்.

இன்னொன்றையும் சகோதரிகள் மனதிற் கொள்ள வேண்டும். வைத்தியர் சொன்னபடி மருந்தெடுத்த எவரது உடலும் இவ்வாறு பழகிப்போகலாம். அது போதைக்கு அடிமையாவதாகாது. தீங்கு தெரிந்தும் தேடித் தேடிப் பாவிப்பது, மருந்துக்காகப் பொய் சொல்வது, கடமைகளைக் கைவிடுவது ஆகியவை வேறு நோயின் அடையாளங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு. முன்னதைப் பின்னதன் பெயரால் அழைத்து ஒரு தாயை வெட்கப்படுத்துவது அநியாயம். வெட்கப்பட்டவர் மாத்திரையை விடுவதில்லை, மறைத்து வைக்கத் தொடங்குகிறார்.

அப்படியாயின் ஏன் குறைக்க வேண்டும்? நெடுங்காலப் பாவனையில் மலச்சிக்கல் தீராத தொல்லையாகிறது. மயக்கமும் தள்ளாட்டமும் வயதானவர்களை விழ வைத்து எலும்பை முறிக்கின்றன. ஹோர்மோன்கள் குன்றிப் பெண்களுக்கு மாதவிடாய் குழம்பலாம். தூக்கத்தில் சுவாசம் குறையலாம். சிலருக்கு மருந்தே நரம்புகளைக் கூச்சப்படுத்தி வலியை அதிகரிப்பதும் உண்டு.

அமெரிக்கா கற்ற இரண்டு பாடங்கள்

இந்த விடயத்தில் மிகுந்த விலை கொடுத்த நாடு அமெரிக்கா. 1980இல் அங்குள்ள பிரபல மருத்துவ சஞ்சிகையொன்றில் ஐந்தே வசனங்கள் கொண்ட ஒரு கடிதம் வெளியானது. ஆஸ்பத்திரியில் தங்கியிருந்தபோது இம்மருந்துகளைப் பெற்ற 11,882 நோயாளிகளில் நால்வரே அடிமையாகினர் என்றது அது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சில நாள் மருந்தெடுத்தவர்களைப் பற்றிய கணக்கு அது. வீட்டில் வருடக்கணக்காகப் பாவிப்பதைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. ஆயினும் பயப்படத் தேவையில்லை என்பதற்கு அதனையே பலர் ஆதாரமாக்கினர். 1996இல் பேர்டியூ பார்மா நிறுவனம் ஒக்ஸிகொன்டின் மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. அதன் அடிமைப்படுத்தும் தன்மையைக் குறைத்துக் காட்டிய குற்றத்தை அந்நிறுவனம் 2007இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அந்நிறுவனமும் அதன் மூன்று அதிகாரிகளும் செலுத்த இணங்கிய தொகை 60 கோடி டொலருக்கும் அதிகம். 2012ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் இவ்வின மருந்துகளுக்கு 25 கோடிக்கும் மேற்பட்ட மருந்துச் சீட்டுகள் எழுதப்பட்டன. ஆராயாமல் கொடுத்தால் என்னாகும் என்பது முதற் பாடம்.

இரண்டாவது பாடம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 2016இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம், இம்மருந்துகளை எழுதுவதில் கட்டுப்பாடு வேண்டும் என்று வழிகாட்டியொன்றை வெளியிட்டது. எண்ணம் நல்லதே. ஆனால் பல இடங்களில் அது கடும் சட்டமாகக் கொள்ளப்பட்டது. பல வருடங்களாக மருந்தெடுத்து வந்தவர்களுக்குத் திடீரென அளவு வெட்டப்பட்டது. சிலர் வைத்தியர் எவருமின்றிக் கைவிடப்பட்டனர். 2019 ஏப்ரலில் அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகமே எச்சரிக்கை விட நேர்ந்தது. பழகிய உடலிலிருந்து மருந்தைத் திடீரென அகற்றுவதால் கடும் அவஸ்தை, கட்டுப்படாத வலி, மன வேதனை, தற்கொலை ஆகியன நேர்ந்துள்ளன என்று அது கூறியது.

2020இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்க முன்னாள் படைவீரர்களுக்கான வைத்திய சேவையில் இம்மருந்துகளைப் பெற்ற ஏறத்தாழ 14 இலட்சம் பேரின் பதிவுகளை அது அலசியது. மருந்தை நிறுத்தியதன் பின்னரான முதல் மாதங்களில் அளவு மீறிய மருந்தினாலோ தற்கொலையாலோ ஏற்படும் மரணம் அதிகரித்திருந்தது. நீண்ட காலம் பாவித்து நிறுத்தியவர்களிடையே அந்த ஆபத்து மேலும் கூடுதல். நிறுத்தியதுதான் காரணம் என்று இத்தகைய ஆய்வினால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆயினும் அம்மாதங்களில் நோயாளியைத் தனியே விடலாகாது என்பது தெளிவு. 2022இல் புதுப்பிக்கப்பட்ட வழிகாட்டி, உயிராபத்தான நிலை இருந்தாலன்றித் திடீரென நிறுத்தவோ வேகமாகக் குறைக்கவோ வேண்டாம் என்கிறது.

எவ்வளவு மெதுவாக?

ஒரு வருடமோ அதற்கு மேலோ பாவித்தவர்களுக்கு மாதத்துக்கு 10 வீதம், அல்லது அதைவிட மெதுவாகக் குறைப்பதே தாங்கக்கூடியது என்பது அந்த 2022ஆம் ஆண்டு வழிகாட்டியின் கருத்து. சில கிழமைகளோ மாதங்களோ மட்டும் பாவித்தவர்களுக்குக் கிழமைக்கு 10 வீதம் பொருந்தலாம். ஆளுக்கு ஆள் இது வேறுபடும். தீர்மானம் மருந்தை எழுதிய வைத்தியருடையதும் நோயாளியுடையதும் ஆகும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவர் நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் ட்ரமடோல் 8 எடுக்கிறார். மொத்தம் 400 மில்லிகிராம். இதில் ஒன்றைக் குறைத்தால் எட்டில் ஒரு பங்கே குறைகிறது. ஆனால் இரண்டுக்கு வந்த பின்னர் ஒன்றைக் குறைத்தால் சரி பாதி போய்விடுகிறது! குறைத்தது அதே ஒரு குளிசைதான், உடலுக்கு விழும் அடியோ நான்கு மடங்கு. கடைசிப் படிகளில் பலர் தடுமாறுவது இதனாலேயே. "இவ்வளவு குறைச்சாச்சு, இந்த ஒண்டுதானே, விட்டிடுங்க" என்று அவசரப்படுத்த வேண்டாம். அந்த இடத்தில் வைத்தியர் இன்னும் சிறிய அளவுள்ள மருந்துக்கு மாற்றலாம். அல்லது வேளைக்கும் வேளைக்கும் இடையிலான நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். இவ்வாறு இறங்கி முடிக்க ஒரு வருடம் எடுத்தாலும் பாதகமில்லை. சிலர் முற்றாக விட மாட்டார்கள், பாதியளவில் நின்று விடுவார்கள். அதுவும் நன்மையே.

மெதுவாகக் கரையும் வகைக் குளிசைகளை ஒருபோதும் உடைக்கவோ நசுக்கவோ கூடாது. நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் இரத்தத்தில் கலந்துவிடும்.

இடையில் மௌத்து வீடு, பிள்ளையின் கலியாணம், வேறொரு நோய் என்று வந்தால் அதே படியில் சில கிழமை நிற்கலாம். நிற்பது தோல்வியாகாது. வயிற்றோட்டம், தூக்கமின்மை, பதற்றம் ஆகியவற்றுக்கு வைத்தியரிடம் மருந்து உண்டு. அவற்றைச் சகித்துக் கொண்டு மௌனமாக இருக்கத் தேவையில்லை.

வலி கூடிவிடாதா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் முதுகு வலியும் மூட்டு வலியும் உள்ள 240 பேரை ஒரு வருடம் அவதானித்தார்கள். ஒரு பகுதியினருக்கு இவ்வின மருந்துகள், மற்றவர்களுக்குப் பெரசிட்டமோல் போன்ற ஏனைய மருந்துகள். அன்றாட வேலைகளைச் செய்யும் ஆற்றலில் முதற் பிரிவினர் சற்றும் மேம்பட்டிருக்கவில்லை. பக்க விளைவுகள் மட்டும் அவர்களுக்குக் கூடுதலாக இருந்தன.

2023இல் இங்கிலாந்தின் ஆய்வொன்று வெளியானது. நீண்டகாலம் பாவித்து வந்த 608 பேர் அதில் பங்குபற்றினர். ஒரு சாராருக்கு வழமையான சிகிச்சையுடன் ஒரு கைநூலும் ஆறுதல் ஒலிப்பதிவும் மட்டும் கொடுக்கப்பட்டன. மறு சாரார் குழுவாக அமர்ந்து வலியைச் சமாளிக்கும் முறைகளைக் கற்றார்கள். தாதியரின் துணையுடன் சிறிது சிறிதாக மருந்தைக் குறைத்தார்கள். ஒரு வருடத்தின் பின் இச்சாராரில் 29 வீதத்தினர் மருந்தை முற்றாக விட்டிருந்தனர். மற்றவர்களில் 7 வீதத்தினரே விட்டிருந்தனர். வலியால் வாழ்க்கைக்கு ஏற்படும் இடைஞ்சலில் இரு சாராருக்கும் வேறுபாடில்லை. அதாவது, மருந்தைக் குறைத்தவர்களின் நிலை அதனால் மோசமாகவில்லை. கூட இருந்து கைகொடுத்த மனிதர்களே அங்கே வித்தியாசத்தை உண்டாக்கினர்.

வீட்டாரின் பங்கு

அந்தக் கைகொடுப்பு நமது வீடுகளில் பெரும்பாலும் பெண்களிடமே இருக்கிறது. குளிசையை ஒளித்து வைப்பதும் எண்ணி எண்ணிக் குறுக்கு விசாரணை செய்வதும் பொலிஸ் வேலை. அதை விட்டு விடுங்கள். ஒரு கொப்பியில் திகதி, எடுத்த அளவு, தூக்கம், நடந்த தூரம் ஆகியவற்றை இருவருமாகச் சேர்ந்து எழுதுங்கள். அடுத்த கிளினிக்கில் வைத்தியருக்கு அது கண்ணாடி போன்றது. "மாமி, இன்டைக்கு எப்படி?" என்று கேட்கும் ஒரு மருமகளின் வார்த்தை, அவ்வேளையில் பெரும் தெம்பு. வெந்நீர்ப் பை, சிறு நடை, வைத்தியர் சொல்லித் தரும் உடற்பயிற்சி, ஒழுங்கான உறக்க நேரம் ஆகியன மருந்து விட்டுச் செல்லும் இடத்தை நிரப்ப உதவும்.

மனம் மிகவும் சோர்ந்து, "இருந்து என்ன பயன்" என்பது போன்ற பேச்சு வந்தால் அதனை அலட்சியம் செய்ய வேண்டாம். உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள். இலங்கையில் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துடனும் பேசலாம்.

ரமழானையொட்டி ஒரு வார்த்தை. நோன்பு பிடிப்பதற்காகப் பகல் வேளை மாத்திரையைத் தாமாகவே விடுவதும், விட்டவற்றை நோன்பு திறந்ததும் சேர்த்து விழுங்குவதும் இரு பக்கமும் கூரான கத்தி. ரமழானுக்கு ஓரிரு மாதங்கள் முன்னரே வைத்தியரைக் கண்டு வேளைகளை எவ்வாறு அமைப்பது என்று கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருப்பதை வீட்டார் நினைவூட்டலாம்.

மறக்கக்கூடாத எச்சரிக்கைகள்

பெரிய ஆபத்து, குறைத்த பின்னர் பழைய அளவுக்குத் தாவுவதில் இருக்கிறது. முன்பு தாங்கிய அளவை உடல் இப்போது தாங்காது, சுவாசம் நின்றுவிடலாம். எழுப்ப முடியாத உறக்கம், குறட்டை போன்ற கரகரப்பு, மிக மெதுவான மூச்சு, உதடு நீலமாதல் ஆகியவற்றைக் கண்டால் ஒரு நிமிடமும் தாமதியாமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். என்ன மாத்திரை என்பதை மறைக்காமல் கூறுங்கள். அதனை முறிக்கும் நலொக்சோன் என்ற மருந்து உண்டு.

தூக்க மாத்திரையும் இதுவும் சேர்ந்தால் சுவாசம் மேலும் அடங்கும். அதற்காகத் தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். இரண்டையும் ஒருசேர வெட்டாமல், எதை முதலில் என்று வைத்தியர் தீர்மானிக்க வேண்டும்.

கர்ப்பிணிகள் தாமாக நிறுத்தவே கூடாது. திடீர் நிறுத்தம் வயிற்றிலுள்ள குழந்தையைப் பாதிக்கலாம். பாலூட்டும் தாய்மார் கொடீனையும் ட்ரமடோலையும் தவிர்க்க வேண்டும் என்றும், 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு வலிக்காக அவற்றைக் கொடுக்கவே கூடாது என்றும் அமெரிக்க நிர்வாகம் 2017இல் அறிவித்தது. மிஞ்சிய குளிசைகளைப் பூட்டி வையுங்கள். முதுகு வலி என்று வரும் பக்கத்து வீட்டாருக்கு அன்பளிப்புச் செய்யாதீர்கள்.

வெளிநாடு செல்வோருக்கும் ஒரு கவனம். ட்ரமடோல், கொடீன் போன்றவை ஐக்கிய அரபு அமீரகம் உட்படப் பல நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். 2017இல் எகிப்துக்கு ட்ரமடோல் குளிசைகளுடன் சென்ற பிரித்தானியப் பெண்ணொருவருக்கு மூன்று வருடச் சிறை விதிக்கப்பட்டது. உம்ராவுக்கோ தொழிலுக்கோ உறவினரைப் பார்க்கவோ புறப்படு முன், அந்த நாட்டு விதிகளை விசாரித்து, வைத்தியரின் கடிதத்தையும் தேவையான அனுமதியையும் பெற்றுக் கொள்ளுங்கள். பயண நாள் நெருங்கும்போது பயத்தில் மாத்திரையைச் சட்டென நிறுத்துவதும் தவறு. சில மாதங்கள் முன்பே திட்டமிட வேண்டும்.

சகோதரிகளே! இதை வாசித்து முடித்ததும் பெட்டியிலிருந்து அந்த அட்டையை எடுத்து வீசிவிடாதீர்கள். அதிலுள்ள மருந்தின் பெயரையும், ஒரு நாளைக்கு எத்தனை என்பதையும், எப்போதிருந்து என்பதையும் ஒரு தாளில் குறித்துக் கொள்ளுங்கள். பாவிப்பவரை அழைத்துக் கொண்டு, அந்தத் தாளுடன் அவரது வைத்தியரிடம் செல்லுங்கள். "இதை மெல்ல மெல்லக் குறைக்க வழி உண்டா?" என்று கேளுங்கள். முதற் படி அவ்வளவுதான். அடுத்த படிகளுக்கு அவசரமில்லை.